பேச்சை விழுங்கும் நுண்துளைகள்

ஜெர்மனியின் பான் நகரில் 1992-இல் புதிய நாடாளுமன்ற மன்றம் திறக்கப்பட்டது. வட்ட வடிவம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர். கண்ணுக்கு விருந்து, காதுக்கோ வேதனை. கண்ணாடியில் மோதிய பேச்சு திரும்பிவந்து மன்றத்துக்குள் குவிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு திணறி நின்றுபோக, உறுப்பினர்கள் அதுவரை கூடிவந்த பழைய நீரேற்று நிலையத்துக்கே திரும்பினார்கள்.

திரை போட்டு மூடலாம்தான். ஆனால் மக்களாட்சியில் ஒளிவுமறைவு இல்லை என்று காட்டத்தானே அத்தனை கண்ணாடியும்!

வழி சீனாவிலிருந்து கிடைத்தது. அந்நாட்டு ஒலியியல் அறிஞர் மா தாயூ 1975-லேயே நுண்துளைப் பலகைக்கான கோட்பாட்டை வெளியிட்டிருந்தார். திரையரங்குகளிலும் வானொலி நிலையங்களிலும் காணும் துளைப் பலகைகளில் துளை சில மில்லிமீட்டர் இருக்கும். ஒலியை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு பின்னால் அடைத்த கண்ணாடிப் பஞ்சுக்கு. துளையை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே சுருக்கினால் பஞ்சே வேண்டாம் என்றார் மா.

ஒலி வந்து தட்டும்போது துளையிலுள்ள காற்று முன்னும் பின்னும் ஆடும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே அடைபட்ட காற்று அதற்கு ஸ்பிரிங். துளை அத்தனை குறுகலானதால், ஆடும் காற்று அதன் விளிம்போடு உராய்ந்து, ஒலியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. உணரவே முடியாத அளவு வெப்பம்தான். பின்னால் இடைவெளியைக் கூட்டினால் இன்னும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளும் சிக்கும்.

பான் மன்றத்தில் நுண்துளையிட்ட, ஒளிபுகும் அக்ரிலிக் பலகைகளைக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் பொருத்தினார்கள். 1993-இல் உறுப்பினர்கள் மீண்டும் அங்கே கூடினார்கள்.