பாடாத நட்சத்திரத்துக்கு ஓர் இசைத்தட்டு

நீல வண்ணம் பூசிய ஒரு சதுரம். அதன் ஓரத்தில் சிவாஜி கணேசனின் பாதி முகம், விரலிடுக்கில் சிகரெட். மேலே கொட்டை எழுத்தில் அவர் பெயர், கீழே ஐந்து பாடல்களின் பட்டியல். பார்த்தவுடன் 1960களில் வந்த ஜாஸ் இசைத்தட்டு என்றுதான் தோன்றும். ஆனால் அப்படியோர் இசைத்தட்டு வெளிவந்ததே இல்லை.

பழைய திரை, தொலைக்காட்சி நட்சத்திரங்களை இல்லாத இசைத்தட்டின் உறையில் வரைந்து பார்ப்பது வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்த விளையாட்டு. வானொலியில் வேலை பார்க்கும் எனக்கும் இதில் ஈர்ப்பு உண்டு. நாள் முழுக்க முகமில்லாத குரல்களோடு வாழ்பவள் நான். குரலுக்கு ஒரு முகம் கொடுக்கும் எந்த வேலையும் என்னைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வைக்கும்.

உறை வந்த கதை

இசைத்தட்டுக்குப் படம் போட்ட உறை ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. நம் தாத்தா பாட்டி கேட்ட 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் வெறும் காகிதப் பையில்தான் வந்தன. நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும், தட்டின் பெயரை அதன் வழியே படித்துக்கொள்ளலாம். 1940 வாக்கில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் வேலை செய்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான், உறையையே ஒரு சிறிய சுவரொட்டியாக மாற்றலாம் என்று செய்து காட்டினார். 1948இல் அதே நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டை வெளியிட்டது. அதன் பிறகு 12 அங்குலச் சதுரம் ஓவியர்களின் மைதானமாகிவிட்டது.

இன்றைய கற்பனை உறைகளில் பல புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பாணியைப் பின்பற்றுகின்றன. பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ரீட் மைல்ஸ் வெட்டி, ஒரே வண்ணத்தில் தோய்த்து, எழுத்தையே ஓவியமாக்கினார். 1956 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான உறைகளைச் செய்தார். இத்தனைக்கும் அவர் பெரிய ஜாஸ் ரசிகர் அல்லர், விரும்பிக் கேட்டது மேலைச் செவ்விசை. பாட்டைவிட, பாடுபவரையும் வாசிப்பவரையும் பற்றி அவருக்குக் கிடைத்த செய்தியிலிருந்தே உறை பிறந்தது.

நட்சத்திரங்கள் உண்மையிலேயே இசைத்தட்டு வெளியிட்டதும் உண்டு. ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த லெனார்ட் நிமாய் 1967இலும் வில்லியம் ஷாட்னர் 1968இலும் ஆளுக்கொரு எல்.பி. கொண்டுவந்தார்கள். அவற்றைக் கேட்டவர்கள் சிரித்தார்களோ ரசித்தார்களோ, உறையில் இருந்த முகமும் உள்ளே இருந்த குரலும் ஒருவருடையவை.

முகம் ஒருவர், குரல் ஒருவர்

நம் சினிமாவில்தான் சிக்கல். எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்தில் நடிப்பவரே பாடினார். பின்னணி பாடும் முறை நிலைத்த பிறகு நிலைமை மாறியது. 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும், ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பாடியவர் ஒருவரே, டி.எம். சௌந்தரராஜன். ஆனால் பின்னால் வந்த சிறிய 45 சுற்றுத் தட்டுகளின் உறைகளைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பழைய தட்டுகளைப் புரட்டும்போது நான் முதலில் கவனிப்பது இதைத்தான். முன்பக்கம் முழுக்க நாயகன், நாயகி. பாடியவர் பெயரைப் பார்க்கப் பெரும்பாலும் தட்டைத் திருப்ப வேண்டும்.

இதைவிட மோசமான காலமும் இருந்தது. 1949இல் வந்த ‘மகல்’ இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கான தட்டில், பாடியவர் பெயர் ‘காமினி’ என்று அச்சாகியிருந்தது. காமினி ஒரு கதாபாத்திரம், அந்த வேடத்தில் நடித்தவர் மதுபாலா. பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள் யார் பாடியது என்று வானொலிக்குக் கேட்டு எழுதினார்கள். அதன் பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் ஒலிபரப்பில் சொல்லப்பட்டது. என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. தட்டு மறைத்த பெயரை வானொலி சொன்னது.

இதே குழப்பம் இப்போது வேறு வழியில் வருகிறது. ஒரு நேயர் எனக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். அழகான உறை, நடிகை சாவித்திரியின் முகம், ‘பாடல்கள்: சாவித்திரி’ என்ற வரி. “அக்கா, இந்தத் தட்டுல உள்ள ஒரு பாட்டு போடுங்க” என்றார். அது யாரோ ஆசையாக வரைந்த கற்பனை உறை. திரையில் சாவித்திரி வாயசைத்த எத்தனையோ பாடல்களைப் பாடியவர் பி. சுசீலா. நான் விளக்கியபோது நேயருக்கு ஏமாற்றம்தான். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கணினியே உறை வரைந்து தரும் காலம் இது. உண்மையான உறை பாதி மறைத்த பெயரைக் கற்பனை உறை முழுதாக அழித்துவிடக் கூடாது.

நான் வரைய விரும்பும் மூன்று

அதற்காக இந்த விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய உறைகள் செய்யாததைச் செய்ய நமக்குக் கிடைத்த வாய்ப்பு இது.

முதல் உறை நம் மண்ணின் பி. ரம்லிக்கு. பினாங்கில் பிறந்த அவர் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்துக்குப் போய், 1948இல் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கிய ‘சிந்தா’ படத்தில் வில்லனாக நடித்தார். அதே படத்தின் நாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணி பாடியவரும் ரம்லியே. 1950இல் ‘பக்தி’ படத்தில் அவரை நாயகனாக்கியவர், சென்னையில் பிறந்து மலாயாவுக்கு வந்த எல். கிருஷ்ணன். பிறகு ரம்லியே நடித்தார், பாடினார், இசையமைத்தார், 1955இல் ‘பெனாரிக் பெச்சா’வில் இயக்குநரும் ஆனார். என் உறையில் முன்னால் நாயகனின் முகம் மங்கலாக இருக்கும். பின்னால் இருட்டில் நிற்கும் வில்லன் மீதுதான் வெளிச்சம் விழும்.

இரண்டாவது ஜே.பி. சந்திரபாபுவுக்கு. அவர் தன் பாடல்களைத் தானே பாடிய நகைச்சுவை நடிகர், மேலைநாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவருக்குப் புளூ நோட் நீலம் இரவல் சட்டையாகத் தெரியாது. அவர் பக்கத்திலேயே 1968இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் தன் குரலிலேயே பாடிய மனோரமாவுக்கும் இடம் வைப்பேன்.

மூன்றாவது டி.எம்.எஸ்.ஸுக்கு. நெற்றியில் திருநீறு, முன்னால் ஒலிவாங்கி. சுவரில் இரண்டு நிழல்கள், ஒன்று தொப்பி வைத்தது, இன்னொன்று கம்பீரமாக நிமிர்ந்து நிற்பது. யார் யார் என்று எழுதவே வேண்டாம்.

வீட்டிலும் செய்யலாம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு நீங்களும் முயன்று பாருங்கள். 12 அங்குலச் சதுர அட்டை, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஒரே ஒரு வண்ணம் போதும். படத்தை முழுதாக வைக்காமல் துணிந்து வெட்டுங்கள். தாத்தாவிடம் அவருக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டால் ஒரு பெயர் வரும். அந்த நடிகருக்கு யார் பாடினார், யார் இசையமைத்தார் என்று அடுத்துக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

வரைந்து முடித்ததும் ஓரத்தில் ‘கற்பனை உறை’ என்று இரண்டு சொல் எழுதுங்கள். பாடியவர் பெயரை முன்பக்கத்திலேயே, நட்சத்திரத்தின் பெயர் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். எனக்கும் ஒரு படம் அனுப்பினால், அதில் பெயர் உள்ளவர் பாடிய பாட்டை நிச்சயம் போடுகிறேன்.