அறுக்க ஐந்து நிமிடம்... காய ஐந்து மாதம்!

விறகுக்காக செயின்சா வாங்கும் விவசாயிகள் கவனத்துக்கு...

மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், மதுரை மாவட்டம், வாடிப்பட்டி வட்டாரத்துத் தோட்டங்களில் விறகு வெட்டும் வேலை தொடங்கிவிடும். ஒரு காலத்தில் கோடாலிச் சத்தம் கேட்ட இடங்களில் இப்போது செயின்சா என்கிற மரம் அறுக்கும் மெஷினின் இரைச்சல் கேட்கிறது. பெரியாற்றுக் கால்வாய் பாயும் பக்கம் நெல்லும் தென்னையும் இருந்தாலும், வடக்கே சிறுமலை அடிவாரத்து மானாவாரி நிலங்களிலும், பல ஆண்டுகளாக உழாமல் கிடக்கும் பட்டா நிலங்களிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வரப்போரத்து வேம்பு, புங்கன், வாகை ஆகியவற்றையும் அவ்வப்போது கவாத்து செய்ய வேண்டியிருக்கிறது.

வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, குலசாமி கும்பிடும்போது கிடாய்க்கறி சமைக்க விறகு வேண்டும். சிலிண்டர் விலை ஏற ஏற, விறகடுப்புப் பக்கம் திரும்பும் வீடுகளும் உண்டு. இதனால், ஆள் கூலி மிச்சம் என்று சிலர் சொந்தமாகவே மெஷின் வாங்குகிறார்கள். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்களுக்கு, மரம் அறுப்பது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கோடாலியால் அரைநாள் பிடிக்கும் மரத்தை மெஷின் ஐந்து நிமிடத்தில் சாய்த்துவிடுகிறது. ஆனால், அறுத்த மரம் நல்ல விறகாக மாற மாதக்கணக்கில் ஆகும். கவனம் தப்பினால் கால் போவதற்கு ஒரு நொடி போதும். மெஷினில் கை வைக்கும் முன் இந்த மூன்று கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புழு கற்றுக் கொடுத்த பல்

ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்திரியாஸ் ஸ்டீல், 1926-ம் ஆண்டு மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-ம் ஆண்டு பெட்ரோலில் ஓடும் ரம்பத்தையும் கொண்டு வந்தார். அவற்றைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரே ஆள் தூக்கி அறுக்கும் பெட்ரோல் ரம்பம் 1950-ம் ஆண்டில்தான் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ், 1946-ம் ஆண்டு ஒரு மரத்தடியில் வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அது தன் தாடைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றி அசைத்து, மரத்தின் நார்வாக்கிலும் குறுக்குவாக்கிலும் சுலபமாக அறுத்தது. அதேபோல் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் சங்கிலியை அவர் உருவாக்கினார். இன்று நம் ஊரில் ஓடும் மெஷின்களில் இருப்பதும் அந்த அமைப்பிலான சங்கிலிதான்.

அந்தப் பல் கூராக இருக்கும்வரைதான் மெஷின் மனிதன் சொன்ன பேச்சைக் கேட்கும். கூராக இருந்தால் தேங்காய்த் துருவல் மாதிரி சீவல் சீவலாக விழும். மாவு போலத் தூளாக விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மழுங்கிய மெஷினை அழுத்தி அறுக்கும்போதுதான் கை தளர்ந்து விபத்து நடக்கிறது. ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும், சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக இரண்டு, மூன்று தடவை ராவிவிட வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே நீளத்தில் இருப்பது முக்கியம். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் தேய்ந்திருந்தால் அறுப்பு கோணலாக ஓடும்.

பழைய வேலி மரங்களில் முள்கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். அதில் பட்டால் சங்கிலி வீணாகும், பல் தெறிக்கவும் கூடும். மரத்தைச் சுற்றிப் பார்த்து, சந்தேகமான இடத்தைத் தவிர்த்து அறுப்பது நல்லது. தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது சங்கிலி மண்ணில் படக்கூடாது. ஒரு நொடி மண்ணில் ஓடினாலே கூர் போய்விடும்.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். மெஷினைப் பொறுத்து ஒரு லிட்டருக்கு 20 மில்லி அல்லது 40 மில்லி என்று கையேட்டில் இருக்கும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வேலை முடிந்து மெஷினை எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். சங்கிலிக்கான ஆயில் தனி. அதற்கான டேங்கையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே நிரப்ப வேண்டும்.

மூக்கு நுனியில் ஆபத்து

செயின்சா விபத்துகளில் மோசமானது, மெஷின் திருப்பி அடிப்பது. சங்கிலி ஓடும் நீளமான தகட்டை 'பார்' என்பார்கள். அதன் மூக்கு நுனியின் மேல்பாதி ஒரு கட்டையிலோ கிளையிலோ பட்டால், ஓடும் சங்கிலி அதைக் கவ்வ முடியாமல் மொத்த மெஷினையும் ஆளின் முகத்தை நோக்கித் தூக்கி எறியும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இது நடந்துவிடும். எனவே, நுனியால் அறுக்கவே கூடாது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முன் கைப்பிடியை இடது கையின் கட்டை விரல் சுற்றி வளைத்திருக்க வேண்டும். தலைக்கு நேராக நிற்காமல் சற்று இடப்பக்கம் விலகி நிற்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும் கூடவே கூடாது. முன்னால் இருக்கும் கை மறைப்புதான் சங்கிலி பிரேக். வேலை தொடங்கும் முன் அது பிடிக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிறை இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுக்கும் பழக்கம்தான் பலர் தொடையைப் பதம் பார்க்கிறது.

கைலியும் செருப்புமாக மெஷின் பிடிப்பதை நம் பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். குறைந்தபட்சம் முழுக்கால் சட்டை, மூடிய பூட்ஸ், கண்ணாடி, காது மறைப்பு, ஹெல்மெட் இருக்க வேண்டும். இதற்கென்றே கிடைக்கும் கால்சட்டைக்குள் நீளமான நார் அடைத்திருக்கும். சங்கிலி பட்டவுடன் அந்த நார் பல்லில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். மெஷினுக்குச் செலவு செய்கிறவர்கள் இதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மரம் சாயும் பக்கம்

அறுக்கும் முன் மரம் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, காற்று எங்கிருந்து வீசுகிறது, மேலே இபி லைன் போகிறதா என்று பார்க்க வேண்டும். லைன் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை தொடங்கக்கூடாது. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும், குறிப்பாகப் பிள்ளைகளும் ஆடுமாடும் இருக்கக்கூடாது. மரம் சாயும்போது பின்பக்கமாகச் சாய்வாக விலகி ஓட ஒரு வழியையும் முன்கூட்டியே சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

சாய வேண்டிய பக்கத்தில் முதலில் 'வி' வடிவ வெட்டு போட வேண்டும். அதன் ஆழம் மரத்தின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதற்கு எதிர்ப்பக்கத்தில், முன்வெட்டுக்குச் சற்று மேலே இருந்து அறுக்க வேண்டும். முழுவதையும் அறுத்துத் தள்ளிவிடாமல், நடுவில் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கட்டையை விட வேண்டும். கதவுக்குக் கீல் இருப்பதுபோல், அதுதான் மரத்தைப் பிடித்து, சொன்ன பக்கம் சாய வைக்கும்.

விழுந்த கட்டையைத் துண்டு போடும்போது மெஷின் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பச்சைக் குச்சியை வளைத்தால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். இரண்டு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் கட்டையில் மேல்பக்கம் நசுங்கும். அதை மேலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் கீழிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். ஒரே தூரில் பல கிளைகள் வளைந்து பின்னிக் கிடக்கும். வளைந்து இறுகியிருக்கும் கிளையை அறுத்தால் வில்போலத் தெறித்து அடிக்கும். முதலில் அரிவாளால் முள்கிளைகளைக் கழித்து, கொக்கியால் இழுத்து ஓரம் போட்டு, கால் வைக்க இடம் செய்த பிறகே மெஷினை எடுக்க வேண்டும்.

யார் மரம்? எந்த மரம்?

சொந்தப் பட்டா நிலத்து சீமைக்கருவேலத்தை அறுப்பது வேறு. கண்மாய், புறம்போக்கு, சாலையோர மரங்களை அறுப்பது வேறு. அவை ஏலம் விட்டு வெட்டப்படும் அரசு மரங்கள். சிறுமலைக் காப்புக்காட்டுக்குள் மெஷினோடு போவது குற்றம். பட்டா நிலமாக இருந்தாலும் சந்தன மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மற்ற மரங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

2017-ம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால், தென் மாவட்டங்களில் சீமைக்கருவேலம் அகற்றும் வேலை வேகமாக நடந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி அகற்றுவதால் சுற்றுச்சூழலுக்கு என்ன விளைவு என்ற கேள்வி எழுந்து, அந்த ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடையும் வந்தது. அதில் விவசாயிகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. இந்த மரத்தை மேலே அறுத்தால் மட்டும் போகாது. தூரிலிருந்து பத்து கிளை வெடிக்கும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து புதிய செடி முளைக்கும்.

ஆகவே, நிலம் வேண்டுமா, விறகு வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நிலம் வேண்டும் என்றால் தூரோடு பிடுங்கி, உழுது, உடனே பயிர் வைக்க வேண்டும். விறகுதான் வேண்டும் என்றால் வேம்பு, புங்கன், வாகை, சூபாபுல் போன்ற மறுதாம்பு விடும் மரங்களை வரப்போரத்தில் வளர்க்கலாம். தரையிலிருந்து அரை அடி உயரத்தில், நீர் தேங்காமல் சாய்வாக, பட்டை உரியாமல் அறுத்தால் மறுபடி தளிர்க்கும். முளைத்த கிளைகளில் நல்லது இரண்டு, மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். சவுக்கு இப்படித் தழையாது.

அடுக்கும் கலை

நார்வே நாட்டில் 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சி, விறகைப் பற்றி 12 மணி நேர நிகழ்ச்சி ஒளிபரப்பியது. விறகின் பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டை பிடித்தார்களாம். குளிர்நாட்டில் விறகு அடுக்குவது அவ்வளவு பெரிய விஷயம். நமக்கு வெயில் இருப்பதால் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், நஷ்டம் நமக்கும் இருக்கிறது.

பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர். அதை எரித்தால், கிடைக்கும் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகையும் அதிகமாகி, அடுப்படியில் இருக்கிற பெண்களின் கண்ணையும் நெஞ்சையும்தான் கெடுக்கும். எடை போட்டு விறகு வாங்குகிறவர், பச்சை விறகு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

அடுப்பின் வாய்க்கு ஏற்றபடி ஒன்றரை அடி நீளத்தில் துண்டு போட்டு, தடித்த கட்டைகளைக் கோடாலியால் பிளந்துவிட வேண்டும். முழுக் கட்டையைவிடப் பிளந்த கட்டை வேகமாகக் காயும். செங்கல் வைத்து அதன்மேல் கழி போட்டு, தரையில் படாமல், காற்று புகும்படி அடுக்க வேண்டும். தை, மாசியில் அறுத்தால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து ஆனியில் பதமாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன் கூரைக்குக் கீழே மாற்றிவிட வேண்டும். மேலே மட்டும் மூடினால் போதும், பக்கவாட்டில் தார்ப்பாயால் இறுக்கக்கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்கினால் கரையானும், தேளும், கட்டுவிரியனும் வந்து குடியேறும். பத்தடி தள்ளியே அடுக்க வேண்டும். இருட்டில் கையை விட்டு எடுக்கக்கூடாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்கும். பச்சையாக இருந்தால் 'தொப்' என்று இருக்கும். காய்ந்த கட்டையின் முனையில் சக்கரத்தின் ஆரம்போல வெடிப்பு ஓடியிருக்கும்.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஒரு குடும்பத்தின் ஓராண்டு விறகை இரண்டு, மூன்று நாளில் அறுத்துவிடலாம். மற்ற நாள்களில் மெஷின் தூசி பிடித்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஓரிரு நாள் வேலைதான் என்றால், தொழில் தெரிந்த ஆளோடு வாடகை மெஷின் எடுத்துக்கொள்வதே லாபம். தென்னந்தோப்பும் பழத்தோட்டமும் வைத்து, அடிக்கடி கவாத்து செய்கிறவர்கள் சொந்தமாக வாங்கலாம். அப்போதும் பெரிய பார் வேண்டாம். 16 அல்லது 18 அங்குலம் விறகுக்குப் போதும். வாங்கிய கையோடு, அனுபவமுள்ள ஒருவருடன் ஒரு நாளாவது நின்று பழக வேண்டும். தனியாக மரம் அறுக்கப் போகவே கூடாது. கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். களைத்துவிட்டால் அன்றைய வேலையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மரம் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் நிற்கும்.