ஆஸ்கருக்கு இந்தியா படம் தெரிவு செய்யும் முறை

ஆஸ்கர் விருதுகளில் 'சிறந்த பன்னாட்டுத் திரைப்படம்' என்ற பிரிவுக்கு ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் அனுப்பலாம். 2019 வரை இப்பிரிவு 'சிறந்த அயல்மொழித் திரைப்படம்' என்று அழைக்கப்பட்டது. படத்தின் உரையாடலில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்பது முக்கிய விதி. இந்தியாவின் சார்பில் அந்த ஒரு படத்தைத் தெரிவு செய்யும் பொறுப்பு, 1951இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பிடம் உள்ளது.

ஒரு நாட்டின் சார்பில் ஒரே ஒரு படைப்பு என்ற ஏற்பாடு ஐரோப்பாவின் யூரோவிஷன் பாடல் போட்டியிலும் உண்டு. அங்கே ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய வழியில் பாடலைத் தெரிவு செய்கிறது. சுவீடனில் 'மெலோடிஃபெஸ்டிவாலன்' என்ற தொலைக்காட்சிப் போட்டி பல வாரங்கள் நடக்கும். நேயர்களின் வாக்கும் சேர்ந்தே முடிவாகும். ஆஸ்திரேலியா 2015இல் முதன்முறை கலந்துகொண்டபோது, எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி வாக்கெடுப்பு எதுவும் நடத்தாமல், மலேசியாவின் கிள்ளானில் பிறந்த கை செபாஸ்டியனைத் தானே தெரிவு செய்து அனுப்பியது. அவருக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. யூரோவிஷனில் இந்தியா பங்கேற்பதில்லை. இந்தியா இப்படி ஒன்றைத் தெரிவு செய்து உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும் மேடைக்கு அனுப்புவது ஆஸ்கருக்குத்தான்.

தெரிவு நடக்கும் விதம்

தயாரிப்பாளர்கள் தங்கள் படங்களைக் கூட்டமைப்புக்கு விண்ணப்பித்து அனுப்புகின்றனர். கூட்டமைப்பு ஆண்டுதோறும் திரைத்துறையினரைக் கொண்ட ஒரு நடுவர் குழுவை அமைக்கிறது, தலைவரும் மாறுவார். வந்த படங்களையெல்லாம் பார்த்து, விவாதித்து, ஒன்றைக் குழு அறிவிக்கும். பொதுமக்கள் வாக்கு கிடையாது. 2024இல் அசாமிய இயக்குநர் ஜானு பருவா தலைமையிலான 13 பேர் குழு 29 படங்களைப் பார்த்தது. வாழை, தங்கலான், கொட்டுக்காளி, மகாராஜா ஆகிய தமிழ்ப் படங்களும் அவற்றுள் இருந்தன. சென்னையில் அறிவிக்கப்பட்ட முடிவு, 'லாபதா லேடீஸ்' என்ற இந்திப் படம்.

அந்த முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதே ஆண்டு கான் விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்ற பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' ஒதுக்கப்பட்டதும், 13 நடுவர்களும் ஆண்களாக இருந்ததும் விமர்சிக்கப்பட்டன. 'லாபதா லேடீஸ்' இறுதிப் பட்டியலை எட்டவில்லை. ஆனால் பிரிட்டன் தன் சார்பில் அனுப்பிய 'சந்தோஷ்' என்ற இந்திப் படம் முதற்கட்டச் சுருக்கப் பட்டியலில் இடம்பெற்றது! 2013இலும் இப்படித்தான். 'தி லஞ்ச்பாக்ஸ்' போகும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, 'தி குட் ரோட்' என்ற குஜராத்திப் படம் அனுப்பப்பட்டது.

தமிழ்ப் படங்கள்

இந்தியாவின் முதல் படம் 'மதர் இந்தியா' (1957). அது இறுதி ஐந்தில் இடம்பெற்றது. அதன் பிறகு 'சலாம் பாம்பே' (1988), 'லகான்' (2001) ஆகிய இரண்டு மட்டுமே அந்த ஐந்துக்குள் வந்துள்ளன. மூன்றும் விருது பெறவில்லை.

தமிழிலிருந்து முதலில் சென்றது சிவாஜி கணேசன் மூன்று வேடங்களில் நடித்த 'தெய்வமகன்' (1969). அதன்பின் நீண்ட இடைவெளி. 1987இல் 'நாயகன்' தொடங்கி, 'அஞ்சலி' (1990), 'தேவர் மகன்' (1992), 'குருதிப்புனல்' (1995), 'இந்தியன்' (1996), 'ஜீன்ஸ்' (1998), 'ஹே ராம்' (2000) என ஏழு படங்கள் சென்றன. இவற்றில் ஐந்தில் கமல்ஹாசன் நாயகன். 'ஜீன்ஸ்' எந்த அளவுகோலில் தெரிவானது என்பதை இன்றுள்ள ரசிகர் வியப்போடுதான் கேட்பார். அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் எந்தத் தமிழ்ப் படமும் இல்லை. 2016இல் வெற்றிமாறனின் 'விசாரணை', 2021இல் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அனுப்பப்பட்டன. எதுவும் இறுதி ஐந்தை எட்டவில்லை.

காஞ்சிவரம்: அனுப்பப்படாத ஒரு படம்

தெரிவுக் குழுக்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு 2009 செப்டம்பர் நல்ல எடுத்துக்காட்டு. அம்மாதம் 2007ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' சிறந்த படமாகவும், அதில் நடித்த பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகராகவும் தெரிவாயினர். விடுதலைக்கு முந்தைய காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி வேங்கடம், தன் மகளைப் பட்டுப் புடவை உடுத்தித் திருமணம் செய்து அனுப்புவதாக வாக்குக் கொடுக்கிறான். பட்டு நெய்பவன் வீட்டில் பட்டுக்கு வழியில்லை. முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாய்க்குள் மறைத்து, சிறுகச் சிறுகக் கடத்திவந்து இரவில் நெய்கிறான். அதே மனிதன் பகலில் நெசவாளர்களைத் திரட்டிக் கூலி உயர்வுக்குப் போராடுகிறான். இந்த முரண்தான் படத்தின் உயிர்.

கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் காஞ்சிபுரத்தைப் பாடப்புத்தகங்கள் போற்றும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவனின் கூலிக் கணக்கைத் திரையில் இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் தமிழில் அரிது. 2008இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2009 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்ததால், ஆஸ்கரின் அந்த ஆண்டுக்கான காலவரம்புக்குள்ளும் அது இருந்தது. ஆனால் அதே செப்டம்பரில் இந்தியாவின் படமாக அறிவிக்கப்பட்டது, தாதாசாகேப் பால்கே முதல் படம் எடுத்த கதையைச் சொல்லும் 'ஹரிச்சந்திராச்சி ஃபேக்டரி' என்ற மராத்திப் படம். அதுவும் நல்ல படமே. நாட்டின் சிறந்த படம் எது என்பதும், வெளிநாட்டு நடுவர்களுக்கு எதை அனுப்புவது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டிய கட்டாயமில்லை.

தெரிவுக்குப் பின்

தெரிவான படம் அமெரிக்காவில் கழக உறுப்பினர்களின் கண்ணில் பட வேண்டும். முதலில் 15 படங்கள் கொண்ட சுருக்கப் பட்டியல், பிறகு ஐந்து. இதற்குத் திரையிடல், விளம்பரம், விநியோகஸ்தர் எனப் பெருஞ்செலவு ஆகும். 'லகான்' குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கி இதற்காகவே உழைத்தனர். சிறு முதலீட்டில் எடுக்கப்படும் தமிழ்ப் படங்களுக்கு இது எளிதன்று.

பாடல் பிரிவுக்கு இந்தத் தடையே இல்லை. அங்கே நாட்டின் பரிந்துரை தேவைப்படுவதில்லை. 2022இல் இந்தியாவின் தெரிவு 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படம். அது சுருக்கப் பட்டியல் வரை சென்றது. தெரிவாகாத தெலுங்குப் படமான 'ஆர்.ஆர்.ஆர்.' நேரடியாகப் போட்டியிட்டது. 2023 மார்ச்சில் அதன் 'நாட்டு நாட்டு' சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வென்றது.