இல்லத்துக்கு அழகு எது?

விருந்தினர் வருகிறார் என்றால் வீட்டைத் துப்புரவு செய்து, வாசலிலே நிறைகுடம் வைத்து வரவேற்பது எமது மரபு. நல்ல மரபுதான். ஆனால், ஆண்டிலே பத்து நாள் வந்து போகும் விருந்தினருக்கென வீட்டின் மிகச் சிறந்த இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்நாளும் அங்கே வாழ்கின்றவர்கள் மூலை முடுக்குகளிலே ஒடுங்கிக் கிடப்பது எவ்வகையில் நியாயமாகும்? இக்கேள்வியைப் பிறரை நோக்கி எழுப்பும் தகுதி எமக்கில்லை. ஏனெனில் அக்குற்றத்தைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தவர்கள் நாமே.

தவணைப் பணம் கட்டி ஒரு சோபாத் தொகுதி வாங்கி முன்கூடத்தில் வைத்திருந்தோம். அதன்மேல் கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறையை அகற்றுவதற்கு எமக்கு மனம் வரவில்லை. எதிரே ஒரு பெரிய கண்ணாடி அலுமாரி. அதனுள்ளே எமது திருமணத்துக்கு வந்த, ஒரு நாளேனும் தேநீரைக் கண்டறியாத பீங்கான் கோப்பைகள். மூலைக்கு மூலை பிளாஸ்ரிக் பூச்சாடிகள். பிள்ளைகள் அங்கே போயிருந்தால் கதிரை அழுக்காகும் என்ற கண்டிப்பு வேறு.

எமது மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த காலம் அது. ஓரிரவு அவள் குசினிக்குப் பக்கத்திலுள்ள ஒடுங்கிய விறாந்தையில், ஒரு சிறு முக்காலியின் முன்னே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மின்குமிழ் அவளுடைய முதுகுக்குப் பின்னால் எரிந்தது. அவளது நிழல் அவளது கொப்பியின் மீதே விழுந்தது. அந்நிழலிலிருந்து எழுத்தைத் தப்புவிப்பதற்காக, ஒரு பக்கம் சரிந்து, கழுத்தை வளைத்து எழுதினாள். முன்கூடத்தில் இருந்து படிக்கலாமே என்றோம்.

“அங்கை இருந்தால் பேசுவியளெல்லோ, அப்பா” என்றாள்.

நிமிர்ந்திருந்து எழுதுங்கள் என்று கல்லூரியிலே நாள்தோறும் மாணவருக்குச் சொல்லும் எமக்கு, அதற்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. அருகிலே பாக்கு இடித்துக்கொண்டிருந்த எமது தாயார் தலை நிமிராமலே, “தம்பி, வீடு வாற ஆக்களுக்கோ, இருக்கிற ஆக்களுக்கோ?” என்று கேட்டார்.

அடுத்த விடுமுறை நாளில் முன்கூடத்தை முற்றாக வெறுமையாக்கினோம். “வாற சனம் என்ன சொல்லும்?” என்று துணைவியார் தயங்கினார். ஆயினும், வெறுமையான கூடத்தின் நடுவே நின்று பார்த்தபோது, இத்தனை இடம் எமது வீட்டிலே இருந்ததா என்று அவரே வியந்தார். வீட்டலங்காரத்தின் முதற்பாடம் இதுவே. ஒன்றை வாங்கு முன்னர் உள்ளவற்றை அகற்றிப் பார்த்தல் வேண்டும்.

ஒளி

அறையை அழகுசெய்வனவற்றுள் முதலாவது ஒளி. விளக்குக்கும் புத்தகத்துக்கும் இடையிலுள்ள தூரம் இருமடங்கானால், புத்தகத்தின்மேல் விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர் அறிவர். ஆகவே, முகட்டிலே பெரிய குமிழைத் தொங்கவிடுவது மாத்திரம் படிப்புக்குப் போதாது. மேசைமேல் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிறிய விளக்கும் வேண்டும். சுற்றிலும் இருளாக இருக்க, புத்தகத்தில் மட்டும் ஒளி விழுவதும் கண்ணைக் களைப்படையச் செய்யும். இரண்டும் சேர்ந்திருப்பதே நலம். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்பக்கமிருந்து வருதல் வேண்டும். இல்லையேல் எழுதும் கையின் நிழல் எழுத்தை மறைக்கும். இடக்கையால் எழுதுபவருக்கு இது மறுதலையாகும்.

இன்று கடைகளில் விற்கும் எல்.ஈ.டி. குமிழ்களின் பெட்டியிலே ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். 2,700 அல்லது 3,000 கெல்வின் என்றிருந்தால் அது குத்துவிளக்கின் சாயலுடைய இளமஞ்சள் ஒளி. இளைப்பாறும் இடத்துக்கு ஏற்றது. 6,500 கெல்வின் என்றிருந்தால் நீலந்தோய்ந்த வெண்ணொளி. படிக்கும் மேசைக்கு 4,000 அளவிலான நடுத்தர வெள்ளை பொருந்தும். வீடெங்கும் ஒரேவகைக் குமிழைப் பூட்டிவிட்டு, வீடு கடைபோல இருக்கிறதே என்று வருந்துவோர் இவ்விலக்கத்தைக் கவனித்தல் நன்று.

காற்று

எமது கண்ணாடி அலுமாரியை நகர்த்தியபோதுதான் அதன் பின்னால் ஒரு யன்னல் இருந்ததே நினைவுக்கு வந்தது. தெற்குச் சுவரிலுள்ள யன்னல் அது. சோழகக் காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, ஆண்டு முழுவதும் மின்விசிறிக்குக் காசு செலுத்திவந்திருக்கிறோம்! காற்று உள்ளே வருவதற்கு ஒரு வழி இருந்தால் மட்டும் போதாது. வெளியேறுவதற்கு எதிரே மறுவழியும் வேண்டும். ஒரு வழியை அடைத்தால் மற்ற வழியும் பயனற்றதாகிவிடும்.

எமது முன்னோர் கட்டிய நாற்சார் வீடுகளில் இத்தத்துவம் நன்கு விளங்குகிறது. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்து விறாந்தையும் அறைகளும். எந்த அறையில் இருந்தாலும் முற்றத்து ஒளி எட்டிப்பார்க்கும். நவீன கட்டிடக்கலையிலே பெரும்புகழ் ஈட்டிய ஜெப்ரி பாவா (1919–2003), ஏனா டி சில்வா என்னும் கலைஞருக்காகக் கொழும்பிலே 1960க்கும் 1962க்கும் இடையில் அமைத்த வீடும் பெரிய நடுமுற்றமொன்றைச் சூழ எழுந்ததே. பிற்காலத்தில் அவ்வீடு பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பட்டது. புதிதாக முற்றம் வெட்ட எல்லோராலும் இயலாது. ஆயினும் உள்ள யன்னல்களை அடைக்காதிருக்க எல்லோராலும் இயலுமன்றோ?

நிறம்

நிறத்தைத் தேர்வதற்குத் தாய்மாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சேலையை நினைத்துக்கொண்டாற் போதும். உடலிலே ஒரு நிறம் பரந்திருக்கும். முந்தானையிலே இன்னொன்று அளவாக வரும். கரையிலே மூன்றாவது நிறம் மெல்லிய கோடாக ஓடும். அறைக்கும் இதுவே கணக்கு. பத்தில் ஆறு பங்கு சுவரும் தரையும் கொள்ளும் அமைதியான நிறம். மூன்று பங்கு கதிரை, திரைச்சீலை முதலியவற்றின் நிறம். எஞ்சிய ஒரு பங்கு தலையணை உறை, பூச்சாடி போன்ற சிறு பொருள்களின் எடுப்பான நிறம். மூன்று நிறங்களும் சம பங்கு கேட்டால் கண்ணுக்கு ஓய்வு கிடையாது.

வெள்ளை பூசிய சுவர், தன்மேல் விழும் ஒளியில் நான்கிலே மூன்று பங்குக்கு மேல் திருப்பித் தரும். கடும் நிறச் சுவரோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலால் சிறிய அறைக்கும் வெளிச்சங் குறைந்த அறைக்கும் இளநிறமே உகந்தது. நாம் பச்சைச் சுவரை வெள்ளையாக்கினோம். மருதமுனைக் கைத்தறித் துணியிலே திரைச்சீலை தைத்தோம். திரைக்கம்பியை யன்னலின் மேற்சட்டத்தோடு ஒட்டாமல் அரையடி உயர்த்திப் பூட்டியதால், தாழ்ந்த கூடமும் சற்று உயர்ந்ததுபோலத் தோன்றிற்று.

பொருள்

இனிப் பொருள்களை ஒவ்வொன்றாக மீண்டும் உள்ளே எடுத்தோம். ஒவ்வொன்றையும் பார்த்து, இது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுக்கொண்டோம். சுவரிலே கடந்த நான்கு ஆண்டுகளின் கடை நாட்காட்டிகள் தொங்கின. சுவாமி படம் உள்ளதால் கழற்றத் துணியாதவை. வழிபாட்டுக்குரிய படங்கள் சுவாமி அறைக்குச் சென்றன. கூடத்திலே எமது தந்தையாரின் நிழற்படம் ஒன்றையே மாட்டினோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், நிற்பவரின் கண்ணுக்கு நேராக இருப்பது அழகு. முகட்டருகே மாட்டிய படத்தைப் பல்லிகளே பார்க்கும்.

நெடுஞ்சோபா, பொலித்தீன் உறை களைந்து, தன்னிடத்துக்கு வந்தது. அதன் தனிக்கதிரைகளில் ஒன்று தாயாரின் அறைக்கும் மற்றொன்று விறாந்தைக்கும் போயின. நடமாடும் வழியிலே மூன்றடி அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும். முதியோர் உள்ள வீட்டில் இது அழகுக்காக மட்டுமன்று, அவர்கள் இடறி விழாதிருப்பதற்காகவும் ஆகும். வெங்காயமும் தேங்காயும் சுமந்துகொண்டு களஞ்சிய அறையிலே கிடந்த பாட்டனாரின் வேப்பமர மேசையைக் கழுவி, உரஞ்சி, வார்னிஷ் பூசினோம். கண்ணாடி அலுமாரி வேறு சுவரோரமாகச் சென்று புத்தக அலுமாரியாயிற்று.

பழம்பொருளும் கைப்பணியும் வீட்டிலே உயிரோடிருக்க வேண்டும் என்பதை எமது நாட்டிலே அழகாக எடுத்துக்காட்டியவர் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா (1918–1998). பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவகத்தில் 1948இல் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவர். 1951 அளவில் கண்டியிலே நிறைவெய்திய கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய் நெசவைக் கதவுப் பலகைகளிலே பொருத்தினார்; உள்ளூரிற் சுட்ட களிமண் ஓடுகளையும் கையாண்டார். கைவினையைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல், அன்றாடம் கை படும் கதவிலே வைத்தார். எமது பனையோலைப் பாயும் பெட்டியும் தடுக்கும் இவ்வாறே புழக்கத்துக்கு வருமாயின், அவற்றை இழைக்கும் கைகளுக்கும் வேலை கிடைக்கும்.

இத்தனைக்கும் எமக்கு ஏற்பட்ட செலவு சுவர்ப்பூச்சு, திரைச்சீலைத் துணி, வார்னிஷ், ஒரு மேசை விளக்கு ஆகியவையே. வேப்பமர மேசை தெற்கு யன்னலருகே, ஒளி இடப்பக்கம் விழுமாறு இடப்பட்டது. அன்று மாலையே மகள் தன் புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். அடுக்கிய பின்னரும் ஒருமுறை எமது முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அப்பார்வையை நாம் மறக்கவில்லை.

சில வாரங்களின் பின் கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் வந்தார். “எங்கை, அந்தப் பீங்கான் கோப்பையள்?” என்று அலுமாரியைப் பார்த்துக் கேட்டார். அவர் கையிலிருந்த தேநீரே அதற்கு விடை. தேநீரை அருந்தியவர், காற்று வந்த பக்கமாகச் சோபாவிலே சாய்ந்து, ஒரு மணி நேரம் அயர்ந்து உறங்கிவிட்டார். மகள் அருகிலே எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டாருக்கு இசைந்த கூடம் விருந்தினருக்கும் இசைந்தது என்பதை அன்றே கண்டோம்.

வாசகர்களாகிய நீங்கள் கடைக்குச் செல்லு முன்னர் ஒன்று செய்து பாருங்கள். இன்றிரவு விளக்கேற்றிய பின், உங்கள் பிள்ளை படிக்கும் இடத்திலே ஐந்து நிமிடம் நீங்களே அமர்ந்திருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வீட்டலங்காரத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.