யார் திறந்தால் மேக்ரோ ஓடும்?

அலுவலகத்தில் ஒரே எக்செல் கோப்பை நாலைந்து பேர் திறப்பார்கள். கணக்கர் திறந்தால் அன்றைய விற்பனை விவரம் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். மேலாளர் பார்த்துவிட்டு மூடுபவர். அவருக்கு எதுவும் ஓடக் கூடாது. இதைச் செய்வது கடினமில்லை.

கோப்பு திறந்ததும் ஓடும் மேக்ரோவுக்கு எக்செலில் இரண்டு இடங்கள் உண்டு. ஆட்டோ_ஓப்பன் பழையது. எக்செல் 97-இல் வந்தது ஒர்க்புக்_ஓப்பன். கோப்பை இன்னொரு மேக்ரோ திறந்தால் முன்னது தானாக ஓடாது, பின்னது ஓடும். ஒர்க்புக்_ஓப்பனின் முதல் வரியிலேயே வந்திருப்பது யார் என்று கேட்டுவிடலாம். அப்ளிகேஷன்.யூசர்நேம் தருவது எக்செல் அமைப்புகளில் இருக்கும் பெயரை. அதை யாரும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸில் உள்நுழைந்த பெயரைத் தரும் என்விரான் சற்று மேல். ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மேக்ரோ எழுதும் மொழியான வி.பி.ஏ. பார்க்கும் என்பதால், இரண்டையும் சிறிய எழுத்தாக்கிக்கொள்வது நல்லது. அனுமதிப் பெயர்களை நிரலுக்குள் எழுதுவதைவிட ஒரு ஷீட்டில் வைப்பதே புத்திசாலித்தனம். ஒருவர் மாற்றலாகிப் போனால் நிரலைத் தொட வேண்டியதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் ஒர்க்புக்_ஓப்பன் ஓடாது. மேக்ரோ முடக்கப்பட்ட கணினியிலும் ஓடாது. இப்படி முடக்கி வைப்பதற்குக் காரணமும் உண்டு: 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, வேர்டு கோப்பைத் திறந்ததும் ஓடி, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்ட மேக்ரோ. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை 2022-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது.

மேக்ரோ ஓடாவிட்டால் ஆளைச் சரிபார்க்கும் வரியும் ஓடாது. காவலரே விடுப்பில் போன வாசல் அது. ஆகவே, சிலருக்கு மட்டும் காட்ட வேண்டிய ஷீட்டுகள் இருந்தால், ‘இவர் இல்லையென்றால் மறை’ என்று எழுதாமல், ‘இவர் என்றால் காட்டு’ என்று எழுத வேண்டும். சேமிக்கும்போதே முக்கிய ஷீட்டுகள் வெரிஹிடன் நிலைக்குப் போய்விடட்டும். வலது கிளிக் பட்டியலில்கூட அவை தெரியா. ஆனால் வி.பி.ஏ. தெரிந்தவர் அவற்றையும் வெளியே எடுத்துவிடுவார். சம்பளப் பட்டியல் போன்றவற்றைத் தனிக் கோப்பாக்கி, திறப்பதற்கே கடவுச்சொல் வைத்து, அந்தக் கோப்புறையைச் சர்வரில் உரியவர்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும்.