திருத்தணி படி இறங்கும்போது கால் பிசகுவது ஏன்?

அரக்கோணத்திலிருந்து ரயில் ஏறினால் சீக்கிரமே திருத்தணி. மலைக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. எல்லோரும் பயப்படுவது ஏறுவதற்குத்தான். ஆனால், கணுக்காலுக்குச் சோதனை இறங்கும்போது!

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். உச்சியில் இருப்பது ‘டேலஸ்’. உடல் எடையைப் பாதத்துக்குக் கடத்தும் இதில் ஒரு தசைகூட ஒட்டியிருப்பதில்லை. கால் எலும்புகள் இரண்டும் சேர்ந்து அமைக்கும் பள்ளத்தில் பொருந்தி நிற்கிறது, அவ்வளவுதான். இதன் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்க, அகலமான பகுதி பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும். இறங்கும்போது விரல்கள் கீழ்நோக்கி நீள, குறுகலான பகுதி வந்து பிடி தளர்ந்துவிடும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் யாராவது லேசாக இடித்தாலே போதும், பாதம் உள்பக்கமாக மடங்கிவிடும்.

உடனே ‘சுளுக்குதான்’ என்று எண்ணெய் போட்டு நீவுவோம். கொஞ்சம் பொறுங்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்தும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி நடக்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே அவசியம். 1992-ல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதி இது. முறிந்த எலும்பை நீவினால் விலகிவிடலாம்.

மலைக்கு வண்டிப் பாதையும் உண்டு. படியில் ஏறிவிட்டு வண்டியில் இறங்கினால் முருகன் கோபிக்க மாட்டார்!