கதவைச் சாத்திக்கொள்ள இருபது நிமிடம்

வளையல்தான் முதலில் போனது. ஏழாம் மாத வளைகாப்பில் இரண்டு கையிலும் அடுக்கடுக்காகப் பூட்டி, கன்னத்தில் சந்தனம் பூசி, புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து பிரசவ அறை வாசலில் நர்ஸ், "எல்லாத்தையும் கழட்டிக் குடுத்துடும்மா, டிரிப்ஸ் ஏத்தணும்" என்றார். அம்மா சோப்பு நுரை தேய்த்து ஒவ்வொன்றாக உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மகள் ஓடத் தொடங்கும்வரை கண்ணாடி வளையல் என் கையில் ஏறவில்லை. பச்சைப் பிள்ளையின் தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கும்போது ஒரு வளையல் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்தேன், அதோடு சரி.

மற்றவை நான்காம் மாதம் போயின. அதுவரை கையைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தவள், பார்ப்பதையெல்லாம் எட்டிப் பிடிக்க ஆரம்பித்தாள். பிடித்ததை விடமாட்டாள். விட்டால் அது வாய்க்குள் போனதாக அர்த்தம். ஜிமிக்கி போய்ச் சின்னக் கல் தோடு வந்தது. தாலிச் செயின் ரவிக்கைக்குள் ஒளிந்தது. தோளில் குத்தும் ஊக்கு, பிள்ளை சாய்ந்து தூங்கும் இடத்திலேயே இருப்பதால் விடைபெற்றது. ஸ்டிக்கர் பொட்டு மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. ஒருநாள் அவள் கொட்டாவி விட்டபோது மேல் அண்ணத்தில் ஒட்டிக் கிடந்த பொட்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து மோதிர விரலால் தொட்டு வைக்கும் குங்குமம்தான்.

இளம் தாய்மார்களுக்கு அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள், ஏதோ நாமாக உட்கார்ந்து பட்டியல் போட்டு அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டதுபோல எழுதுகிறார்கள். குறைத்தது பிள்ளை. கையெழுத்துப் போட்டது மட்டும்தான் நாம்.

முடி விஷயம் வேறு. அங்கே பிள்ளைக்குக்கூட வேலையில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. குளியலறை வடிகாலில் செத்த எலி மாதிரி ஓர் உருண்டை. அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும். எனக்கும் அப்படித்தான் கொட்டுச்சு" என்றார். காரணத்தில் தவறினாலும் காலக்கணக்கில் அத்தை தவறவில்லை. கர்ப்பத்தின்போது ஏறி நிற்கும் ஈஸ்ட்ரோஜன், வழக்கமாகத் தினமும் உதிரவேண்டிய முடியையும் உதிரவிடாமல் பிடித்துவைக்கிறது. நிறைமாதத்தில் பின்னல் தடித்துத் தெரிவது அதனால்தான். பிரசவத்தோடு அந்தச் சுரப்பு சரிகிறது. தள்ளிப்போட்ட பாக்கியை உடம்பு இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக வசூலிக்கிறது. நான்காம் மாதவாக்கில் உச்சம். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலானவர்களுக்குப் பழையபடி ஆகிவிடும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

நடுவில் நான் வாங்கிய வெங்காய எண்ணெய், செம்பருத்தித் தைலம், பயோட்டின் மாத்திரை ஆகியவற்றின் கணக்கை இங்கே சொல்லப்போவதில்லை. வீட்டில் இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எதைத் தடவினாலும் தடவாவிட்டாலும் முடி முளைக்கும் பருவத்தில் முளைத்துவிடும். பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போகும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மகப்பேறு விடுப்புச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர்கள் பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகும்போது அலுவலகம் திரும்புகிறார்கள். நெற்றியோரம் வழுக்கையாகி, புதுமுடி கோரைப்புல் மாதிரி குத்திட்டு நிற்கும் அதே வாரத்தில்! தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருட விடுப்பு என்பதால் அவர்கள் தலை நிமிர்ந்து போகலாம். தனியாரில் இருந்த நான் வகிட்டை இடது பக்கம் மாற்றிக்கொண்டு போனேன்.

உதிரும் முடியால் அழகு போவதைவிடக் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. ஒற்றை முடி பிள்ளையின் கால்விரலிலோ கைவிரலிலோ சுற்றிக்கொண்டு இறுகிவிடும். கண்ணுக்கே தெரியாது. விரல் சிவந்து வீங்கும், பிள்ளை காரணம் தெரியாமல் வீறிடும். நேரம் போனால் விரலுக்கு ரத்தம் போகாது. பசியில்லை, ஈரமில்லை, வயிற்றுவலியும் இல்லை, ஆனாலும் அழுகிறது என்றால் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். உடனே பிரிக்க வரவில்லையென்றால் நேராக மருத்துவமனைதான். இது தெரிந்த அன்றைக்கே இடுப்புவரை இருந்த கூந்தலைத் தோளோடு வெட்டிக்கொண்டேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "காயறதுக்குச் சீக்கிரம் காயுதுல்ல" என்றார். அவர் தரப்பில் அது சமாதான ஒப்பந்தம்.

வாசனைத் திரவியத்தை நானே விட்டேன். பிறந்த சில நாளிலேயே பிள்ளை தாயின் மணத்தை இனம் கண்டுகொள்கிறது. கண்ணுக்கு ஓர் அடி தூரம்தான் ஓரளவு தெரியும் வயதில் அதற்கு மூக்குதான் வழிகாட்டி. அந்த மூக்குக்கு முன்னால் சென்ட் அடித்துக்கொண்டு நிற்பது, சொந்த வீட்டுப் பெயர்ப்பலகையை நாமே சுண்ணாம்பு அடித்து மறைப்பது மாதிரி. பவுடரும் அப்படித்தான். பறக்கும் துகள் பிஞ்சு நுரையீரலுக்குள் போகும் என்பதால் பிள்ளைக்கே போடவேண்டாம் என்கிறார்கள். அதன் தலைக்கு மேலே நின்று நாம் அப்பிக்கொள்வது மட்டும் எப்படிச் சரி? பிள்ளையின் கண்ணுக்குள் மை தீட்டவேண்டாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னதை அத்தையிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலுக்கு மாறியது.

மல்லிகைப்பூ விஷயத்தில் மட்டும் பாட்டி பிடிவாதமாக இருந்தார். பால் கொடுப்பவள் மார்பில் படும்படி மல்லிகைச் சரம் தொங்கக்கூடாதாம். சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஆராய்ந்து 1988-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்பது. பால் சுரப்பை நிறுத்தத் தரும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பூவும் வேலை செய்தது. அங்கே பூவை மார்பிலேயே கட்டினார்கள். தலையில் ஒரு முழம் வைப்பதால் பால் வற்றும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் பாட்டியைப் பார்த்து அதன்பிறகு சிரிக்கவில்லை.

முகத்துக்கு மூன்று பொருள் போதும் என்று ஆயிற்று: சாதாரண சோப்புக் கட்டிக்குப் பதில் மிதமான ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். கர்ப்பத்தில் கன்னத்தில் ஏறும் மங்கு வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் மூன்றில் எதை விட்டாலும் சன்ஸ்கிரீனை விடமுடியாது. வயிற்று வரிகளுக்கான கிரீமை அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர் இரண்டுமுறை காட்டினார். சிவப்பு வரி தானாகவே மங்கி வெள்ளி நிறமாகும், முழுதாக மறையாது. அந்தப் பணத்தில் நான்கு பருத்தி நைட்டி வரும்.

நைட்டியைக் கேலி செய்பவர்கள் பால் கொடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஜிப் வைத்த ஃபீடிங் நைட்டியைக் கண்டுபிடித்தவருக்கு மெரினாவில் ஒரு சிலை வைக்கலாம். ரவிக்கையிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கல்யாணத்துக்குத் தைத்தவை எல்லாம் முதுகுப்பக்கம் கொக்கி வைத்தவை. படம் பிடிக்க அழகு, பசித்த பிள்ளைக்கு முன்னால் பயனில்லை. அம்மாவின் பழைய முன்கொக்கி ரவிக்கைகளை எடுத்துக்கொண்டு டெய்லர் அண்ணனிடம் போனேன். "உள்ளே துணி விட்டுத்தாம்மா தைச்சிருக்கு, பிரிச்சுவிட்டா போதும்" என்றார். உடம்பு பெருக்கும், இளைக்கும், மறுபடி பெருக்கும் என்று தெரிந்து, அரை அங்குலத் துணியை உள்ளேயே மடித்துவைத்தவர்கள் அந்தக் காலத்துத் தையல்காரர்கள்.

அலுவலகம் திரும்பிய நாளில் ஒரு தோழி, "ரொம்ப சிம்பிளாயிட்டே" என்றாள். பாராட்டா, பரிதாபமா தெரியவில்லை. சிம்பிள் என்ற சொல்லோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. குங்குமம் வைக்கப் பத்து விநாடி போதும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க இருபது நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடம் பிள்ளையை யார் வைத்திருப்பது என்பதற்கு எந்த அழகுக் குறிப்பிலும் பதில் இல்லை. அம்மா வீட்டில் இருந்தவரை என் முகம் பளிச்சென்று இருந்தது. அங்கே இருந்தவை நான்கு கைகள். சொந்த வீட்டுக்கு வந்ததும் 'கவனிச்சுக்கிறதே இல்லை' என்ற பேச்சு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் ஷேவ் செய்யப் போனபோது எதேச்சையாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே வரும்போது பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பிள்ளை அழுதது அவருக்குக் கேட்டதா என்று கேட்டேன். "நீதான் இருந்தியே" என்றார், துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே. சண்டை போடவில்லை. கடிகாரத்தைக் காட்டினேன். அவருக்குக் கணக்கு நன்றாக வரும்.

இப்போது ஞாயிறு காலை ஏழரைக்கு நான் குளியலறைக்குள் போகிறேன். நல்லெண்ணெய் காய்ச்சி உச்சந்தலையில் வைத்து ஊறியிருக்கும். கதவைத் தாழிடுகிறேன். ஐந்தாவது நிமிடம் வெளியே அழுகை ஆரம்பிக்கும், கூடவே யாரோ சுருதி தப்பித் தாலாட்டும் சத்தம். சீயக்காய் கண்ணில் படாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அடுத்த சொம்புத் தண்ணீரை மொள்கிறேன்.